லிஸ்ட் ஆன ஷேர்தான், ஆனா ட்ரேடே ஆகறதில்லை! வருமான வரிக்கு எந்த விலையை எடுக்கறது?



2024 அக்டோபர் 29 அன்னிக்கு மும்பை பங்குச் சந்தையில ஒரு விஷயம் நடந்தது. எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்னு ஒரு கம்பெனி. அதுக்கு முன்னாடி ஜூன் மாசம் கடைசியா ட்ரேட் ஆனப்போ ஒரு ஷேரோட விலை 3 ரூபாய் 53 காசு. அக்டோபர் 29 சந்தை முடியும்போது அதே ஷேர் 2,36,250 ரூபாய்.

லாட்டரி இல்லைங்க. கம்பெனியில ஒரே நாள்ல எந்த மாற்றமும் நடக்கல. நேத்து இருந்த அதே கம்பெனி, அதே சொத்து. மாறினது ஒண்ணே ஒண்ணுதான்: அன்னிக்குத்தான் விலைன்னு ஒண்ணு உண்மையிலேயே உருவாச்சு.

இதை எல்லாரும் "மூணு ரூபாய் ஷேர் ரெண்டு லட்சம் ஆன கதை"யாப் பேசிட்டு விட்டுட்டாங்க. நமக்குத் தேவையான கேள்வி வேற. அக்டோபர் 28-ம் தேதி யாராவது அந்த ஷேரை உங்களுக்குக் கிஃப்ட்டா கொடுத்திருந்தா, வருமான வரிக்கு அதோட மதிப்பு மூணரை ரூபாயா, இல்ல சில லட்சமா?

"எங்கிட்ட அந்த மாதிரி ஷேர் எல்லாம் இல்லையே"ன்னு மூடிட்டுப் போயிடாதீங்க. தாத்தா பேர்ல இருந்து வந்த பழைய சர்டிஃபிகேட், வேலை பார்க்கற சின்னக் கம்பெனி கொடுத்த ஈசாப், ஃப்ரெண்டுகிட்ட நேரடியா வாங்கின ஷேர் இப்படி ஏதாவது ஒரு வழியில இந்தப் பிரச்சினை மாசச் சம்பளக்காரங்க வீட்டுக்குள்ளயும் வரும். வந்தா என்ன விலை போடணும்னு இன்னிக்குத் தெளிவாப் பார்த்துடலாம்.

முதல்ல, விலைன்னா என்ன?

அரியலூர் மாவட்டம், கொள்ளிடக் கரையில திருமழபாடி. பங்குனியில அங்க நந்தி கல்யாணம் நடக்கும். "நந்தி கல்யாணம் பார்த்தா முந்திக் கல்யாணம்"னு சொல்லுவாங்க, அதனால கல்யாணம் ஆகாத பசங்க, பொண்ணுங்க, அவங்க அப்பா அம்மான்னு கூட்டம் அலைமோதும். அன்னிக்கு ஒரு முழம் பூ என்ன விலைன்னு யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. விக்கறவங்க நிறைய, வாங்கறவங்க நிறைய. பேரம் பேசிப் பேசி விலை ஒரு இடத்துல நின்னுடும்.

அதே ஊர்ல ஒரு மனைக்கு என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. அந்தத் தெருவுல பத்து வருஷமா ஒரு பத்திரமும் பதிவாகலைன்னா யாராலயும் சொல்ல முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரர் வித்த விலையைச் சொல்லலாம். அது பழைய விலை, இன்னிக்கு மதிப்பு இல்ல. அதனாலதான் நிலத்துக்கு அரசாங்கம் வழிகாட்டி மதிப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கு.

ஷேரும் அப்படித்தான். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டி சிமெண்ட் தயாரிக்கற ராம்கோ, அல்ட்ராடெக் மாதிரி கம்பெனிகளோட ஷேர் தினமும் ஆயிரக்கணக்குல கைமாறுது. எந்தத் தேதி கேட்டாலும் விலை இருக்கும். அது நந்தி கல்யாணத்துப் பூ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பத்து ஷேர் கைமாறற கம்பெனி, அந்தத் தெருவு மனை.

எல்சிட் கதையும் இதுதான். மொத்தமே 2,00,000 ஷேர். முக்கால்வாசி புரமோட்டர்கள் கையில. ஆனா அந்தக் கம்பெனி ஏஷியன் பெயிண்ட்ஸ்ல கிட்டத்தட்ட 3% பங்கு வெச்சிருந்தது. ஒரு ஷேரோட புத்தக மதிப்பு அப்போ சுமார் 5.85 லட்சம் ரூபாய். மூணரை ரூபாய் விலை காட்டின ஷேருக்கு 25 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனி அது! முன்னாடி டீலிஸ்ட் பண்ண முயற்சி பண்ணப்போ புரமோட்டர்களே ஒரு ஷேருக்கு 1,61,023 ரூபாய் தர முன்வந்தாங்க. அப்போ மூணரை ரூபாய்க்கு எவன் விப்பான்? அதனால ட்ரேடே நடக்கல. ட்ரேட் நடக்காததால திரையில பழைய விலையே நின்னுது.

இந்த மாதிரி கம்பெனிகளுக்காகத்தான் செபி 2024 ஜூன்ல ஒரு சிறப்பு ஏல முறை கொண்டு வந்தது. மத்த லிஸ்டட் கம்பெனிகள்ல பணம் போட்டு வெச்சிருக்கற ஹோல்டிங் கம்பெனிகளோட சந்தை விலை புத்தக மதிப்புல பாதிகூட இல்லைன்னா, அப்பர் சர்க்யூட், லோயர் சர்க்யூட் எதுவும் இல்லாம ஒரு நாள் ஏலம். அந்த ஏலத்துலதான் எல்சிட் மூணரையில இருந்து லட்சத்துக்குத் தாவினது.

மூணு வார்த்தை, மூணு அர்த்தம்

வரிச் சட்டத்துல இதைப் புரிஞ்சுக்க மூணு வார்த்தையைப் பிரிச்சுப் பார்க்கணும். நம்ம பேச்சுல மூணையும் ஒண்ணாத்தான் சொல்றோம். குழப்பமே அங்கதான் ஆரம்பம்.

1. லிஸ்டட்: அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில பேர் பதிவாகி இருக்கு, அவ்வளவுதான். ட்ரேட் ஆகணும்னு இல்ல.
2. ட்ரேடட்: குறிப்பிட்ட ஒரு நாள்ல உண்மையிலேயே கைமாறியிருக்கு.
3. கோட்டட்: சந்தையில அவ்வப்போது *ஒழுங்கா* விலை வந்துக்கிட்டு இருக்கணும். அந்த விலை வழக்கமான வியாபாரத்துல நடந்த *நடப்பு* பரிவர்த்தனையில இருந்து வந்திருக்கணும்.

இந்த மூணாவது விளக்கம் நான் சொல்றதில்ல. வருமான வரி விதி 11U-லயும் பிரிவு 50CA-லயும் இருக்கறதோட சாரம் இதுதான். அதாவது ஒரு ஷேர் லிஸ்ட் ஆகியிருக்கலாம், ஆனா வரிச் சட்டத்தோட கண்ணுக்கு அது 'அன்கோட்டட்' ஷேரா இருக்கலாம்.

எதுக்கு எந்த வார்த்தை? இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க:

- எவ்வளவு நாள் வெச்சிருந்தா லாங் டெர்ம் (12 மாசமா, 24 மாசமா)? லிஸ்டட் ஆன்னு பார்ப்பாங்க. லிஸ்ட் ஆகியிருந்தா 12 மாசம் போதும், ட்ரேட் ஆகலைன்னாலும்.
- 2018 ஜனவரி 31 விலை, ஈசாப் விலை? லிஸ்டட் ஆன்னு பார்த்துட்டு, எந்த நாள் ட்ரேட் ஆச்சுன்னு பார்ப்பாங்க.
- கிஃப்ட்டா வந்தது, குறைஞ்ச விலைக்கு வாங்கினது, வித்தது? கோட்டட் ஆன்னு பார்ப்பாங்க.

இப்போ ஒவ்வொண்ணா கணக்கோட பார்க்கலாம். (பிரிவு எண்கள் எல்லாம் 1961-ம் வருஷச் சட்டப்படி சொல்றேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வர்றதால அதுல எண்கள் வேற. நீங்க ஃபைல் பண்ற வருஷத்துக்கு எது பொருந்தும்னு பார்த்துக்கோங்க.)

1. 2018-க்கு முன்னாடி வாங்கின ஷேரை இப்போ விக்கறீங்க

லிஸ்டட் ஷேர்ல வர்ற லாங் டெர்ம் லாபத்துக்கு 2018 வரைக்கும் வரி இல்லாம இருந்தது. வரி கொண்டு வந்தப்போ, "2018 ஜனவரி 31 வரைக்கும் ஏறின லாபத்தை விட்டுடறோம், அதுக்கு மேல ஏறினதுக்கு மட்டும் வரி"ன்னு சொன்னாங்க. அதைத்தான் கிராண்ட்ஃபாதரிங்னு சொல்றோம்.

அன்னிக்கு என்ன விலை? சந்தையில அன்னிக்கு வந்த அதிகபட்ச விலை. அன்னிக்கு ட்ரேடே ஆகலைன்னா? அதுக்கு முன்னாடி கடைசியா எந்த நாள் ட்ரேட் ஆச்சோ, அந்த நாளோட அதிகபட்ச விலை. பின்னாடி வர்ற தேதியை எடுக்கக்கூடாது. பிப்ரவரி 2-ம் தேதி நல்ல விலைக்கு ட்ரேட் ஆயிருந்தாலும் அது உதவாது.

கணக்கு: 2012-ல 20 ரூபாய்க்கு வாங்கினீங்க. 2018 ஜனவரி 31 அன்னிக்கு ட்ரேட் இல்ல. கடைசி ட்ரேட் ஜனவரி 17, அன்னிக்கு அதிகபட்சம் 75, குறைந்தபட்சம் 70. அப்போ உங்க எஃப்.எம்.வி. 75.

விதி இது: விக்கற விலை, எஃப்.எம்.வி. ரெண்டுல எது *குறைவோ* அதை எடுங்க. அதையும் நீங்க வாங்கின விலையையும் வெச்சுப் பார்த்து எது *அதிகமோ* அதுதான் உங்க அடக்க விலை.

- 120-க்கு வித்தா: அடக்கம் 75. லாபம் 45.
- 60-க்கு வித்தா: அடக்கம் 60. லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல.
- 15-க்கு வித்தா: அடக்கம் 20. நஷ்டம் 5.

இப்போ எல்சிட் மாதிரி ஷேருக்கு இந்த விதியைப் போட்டுப் பாருங்க. 2018-லயே அந்தக் கம்பெனிக்குள்ள லட்சக்கணக்குல சொத்து இருந்தது. ஆனா கடைசியா ட்ரேட் ஆன விலை சில ரூபாய்தான். சட்டம் அந்தச் சில ரூபாயைத்தான் எடுக்கும். மூணு ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒரு ஷேரை 2,36,250-க்கு வித்திருந்தா லாபம் 2,36,247. அதுல வருஷத்துக்கு 1,25,000 வரை விலக்கு. மிச்சம் 1,11,247-க்கு 12.5% வரி, சுமார் 13,906 ரூபாய், செஸ் தனி. 2018-க்கு முன்னாடி உள்ளுக்குள்ள சேர்ந்த மதிப்புக்கும் சேர்த்து வரி கட்டறீங்க. கிராண்ட்ஃபாதரிங் சலுகை எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா ட்ரேட் ஆகாத ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு அது வெறும் பேருக்குத்தான்.

2. பழைய மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் ஷேர்

இது நம்ம தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல். ஒரு காலத்துல இங்க ரெண்டு பங்குச் சந்தை இருந்தது: 1937-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், அப்புறம் கோயம்புத்தூர். நிறைய உள்ளூர்க் கம்பெனிகள் இங்க மட்டும்தான் லிஸ்ட் ஆகியிருந்தது. பி.எஸ்.இ., என்.எஸ்.இ. பக்கமே போகல. செபியோட வெளியேறும் கொள்கைப்படி கோயம்புத்தூர் 2013-லயும், மெட்ராஸ் 2015-லயும் மூடிட்டாங்க. வேற சந்தைக்கு மாறாத கம்பெனிகளை டிஸெமினேஷன் போர்டுக்கு நகர்த்தினாங்க. அது விக்கறவங்களும் வாங்கறவங்களும் ஒருத்தரையொருத்தர் தேடிக்கற அறிவிப்புப் பலகை மாதிரி, பங்குச் சந்தை இல்ல.

தாத்தாவோட டிரங்க் பெட்டியில இருந்து ஒரு சர்டிஃபிகேட் கிடைக்குது, பின்னாடி "மெட்ராஸ் பங்குச் சந்தையில பட்டியலிடப்பட்டது"ன்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. "லிஸ்டட் ஷேர்தானே"ன்னு நினைச்சுடாதீங்க. வேற எங்கயும் லிஸ்ட் ஆகலைன்னா, இன்னிக்கு அது அன்லிஸ்டட். 24 மாசம் வெச்சிருந்தாத்தான் லாங் டெர்ம். 1.25 லட்சம் விலக்கு கிடையாது. 2018 ஜனவரி 31 விலையும் கிடையாது.

ஒருவேளை அந்தக் கம்பெனி 2018-க்கு அப்புறம் பி.எஸ்.இ.யில லிஸ்ட் ஆகி, நீங்க சந்தையிலயே வித்தா? அப்போ எஃப்.எம்.வி. வேற மாதிரி: வாங்கின விலையை 2017-18-ம் வருஷத்துப் பணவீக்கக் குறியீடான 272-ஆல பெருக்கி, வாங்கின வருஷத்துக் குறியீட்டால வகுக்கணும். 2001-க்கு முன்னாடி வாங்கியிருந்தா 100-ஆல வகுக்கணும்.

வாரிசா வந்த ஷேருக்கு, வாங்கும்போது வரி இல்ல. தாத்தா வாங்கின விலை, தாத்தா வெச்சிருந்த காலம் ரெண்டும் உங்களுக்கு வந்துடும்.

3. ஈசாப்: சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க

சின்ன லிஸ்டட் கம்பெனியில வேலை பார்க்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

நீங்க ஆப்ஷனை எக்ஸர்சைஸ் பண்ற அன்னிக்கு ஷேரோட சந்தை விலைக்கும் நீங்க கொடுக்கற விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகும். லிஸ்டட் ஷேர்னா அன்னிக்குத் தொடக்க விலை, முடிவு விலை ரெண்டோட சராசரி. ரெண்டு சந்தையில இருந்தா எங்க அதிகமா ட்ரேட் ஆகுதோ அங்க உள்ள விலை. அன்னிக்கு ட்ரேட் இல்லைன்னா, அதுக்கு முன்னாடி கடைசியா ட்ரேட் ஆன நாளோட முடிவு விலை.

மூணு வாரத்துக்கு முன்னாடி 200 ரூபாய்ல ட்ரேட் ஆச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. நீங்க 50 ரூபாய் வீதம் 500 ஷேர் எக்ஸர்சைஸ் பண்றீங்க. வித்தியாசம் 150 × 500 = 75,000 ரூபாய். 30% ஸ்லாப்ல இருந்தா 22,500 ரூபாய் டி.டி.எஸ். சம்பளத்துல போயிடும்.

அப்புறம் விக்கப் போறீங்க. வாங்க ஆளே இல்ல. கடைசியில 140-க்குத்தான் போகுது. உங்க அடக்க விலை 200, அதனால 30,000 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. மூலதன லாபத்துல மட்டும்தான் கழிக்கலாம், எட்டு வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம். வராத 30,000 ரூபாய்க்கு வரி கட்டியாச்சு, அது திரும்பி வருமான்னு காத்திருக்கணும்.

அதனால எக்ஸர்சைஸ் பண்றதுக்கு முன்னாடி கம்பெனியோட கடைசி முப்பது நாள் ட்ரேட் எண்ணிக்கையைப் பாருங்க. திரையில உள்ள விலையைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்காதீங்க. நீங்க விக்க நினைக்கற எண்ணிக்கை அங்க போகுமான்னு பாருங்க.

4. கிஃப்ட், ஃப்ரெண்டுகிட்ட நேரடியா வாங்கறது: பெரிய அடி இங்கதான்

டீமேட்ல இருந்து டீமேட்டுக்கு ஆஃப் மார்க்கெட்டா மாத்தறோமே, அதுக்குப் பிரிவு 56(2)(x). இலவசமாவோ குறைஞ்ச விலைக்கோ வந்து, வித்தியாசம் 50,000-ஐத் தாண்டினா அது வாங்கினவரோட வருமானம்.

*கோட்டட்* ஷேர்னா விதி 11UA சுலபம்: அன்னிக்குச் சந்தையில வந்த குறைந்தபட்ச விலை. ட்ரேட் இல்லைன்னா அதுக்கு முந்தின ட்ரேட் நாளோட குறைந்தபட்ச விலை.

*அன்கோட்டட்* ஷேர்னா? கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டைப் பிரிக்கணும். சாதாரண சொத்துக்கள் புத்தக மதிப்புல. நகை, கலைப்பொருள் சந்தை மதிப்புல. கம்பெனி வெச்சிருக்கற மத்த ஷேர்கள் எல்லாம் அவற்றோட நியாயச் சந்தை மதிப்புல. நிலம், கட்டிடம் முத்திரைத்தாள் மதிப்புல. எல்லாத்தையும் கூட்டி, கடன்களைக் கழிச்சு, உங்க ஷேரோட பங்குக்கு வகுக்கணும்.

அப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்குப் பதில்: கோட்டட்னு எடுத்தா மூணரை ரூபாய், வரி பூஜ்யம். அன்கோட்டட்னு எடுத்தா உள்ளே இருக்கற ஏஷியன் பெயிண்ட்ஸ் ஷேர்களைச் சந்தை விலையில கணக்குப் போடணும், ஒரு ஷேரே லட்சங்கள்ல போகும். அஞ்சு லட்சம்னு வெச்சா 30% ஸ்லாப்ல ஒன்றரை லட்சம் வரி. ஒரே ஷேர், ஒரே நாள்!

சாதாரண உதாரணம் ஒண்ணு. லிஸ்டட் கம்பெனி. கடைசியா ஏழு மாசத்துக்கு முன்னாடி 40 ரூபாய்க்கு ட்ரேட் ஆச்சு. உங்க ஆபீஸ் ஃப்ரெண்ட் பல வருஷத்துக்கு முன்னாடி 10 ரூபாய்க்கு வாங்கின 1,000 ஷேரை உங்களுக்கு 40 ரூபாய் வீதம் ஆஃப் மார்க்கெட்ல தர்றார். ரெண்டு பேரும் "சந்தை விலைக்குத்தானே"ன்னு நிம்மதியா இருக்கீங்க. அதிகாரி இதை அன்கோட்டட்னு சொல்லி, 11UA கணக்குப் போட்டு ஷேர் 260 ரூபாய்னு சொல்றார்.

- வித்தவர்: பிரிவு 50CA. 40-க்கு வித்தாலும் 260-க்கு வித்ததாகக் கணக்கு. லாபம் 30,000 இல்ல, 2,50,000. வரி 12.5% வீதம் 3,750 இல்ல, 31,250. ஆஃப் மார்க்கெட்ல எஸ்.டி.டி. கட்டாததால 1.25 லட்சம் விலக்கும் கிடைக்காது.
- வாங்கின நீங்க: 2,60,000 மதிப்புள்ளதை 40,000-க்கு வாங்கியிருக்கீங்க. 2,20,000 உங்க வருமானம். 30% ஸ்லாப்ல 66,000.

40,000 ரூபாய் ஷேருக்கு ரெண்டு பேரும் சேர்ந்து 97,250 ரூபாய் வரி, செஸ் தனி! ஒரே ஆறுதல், நீங்க பின்னாடி விக்கும்போது உங்க அடக்க விலை 40 இல்ல, 260.

நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பை வெச்சு வரி போடற 50C-யோட தம்பிதான் இந்த 50CA. நிலத்துக்காவது 10% வரை வித்தியாசத்தை விட்டுடுவாங்க. இங்க அந்தச் சலுகைகூட இல்ல.

எத்தனை நாள் ட்ரேட் ஆனா 'ஒழுங்கா' கோட்டட்?

விதி 11U-ல எண் எதுவும் இல்ல. 'ஒழுங்கா', 'நடப்புப் பரிவர்த்தனை', 'வழக்கமான வியாபாரம்' இந்த மூணும்தான் அளவுகோல்.

உச்ச நீதிமன்றம் 2022-ல பி.பி.எல். கம்பெனி வழக்குல இதே மாதிரி வார்த்தைகளைத்தான் ஆராய்ஞ்சது. 1993 மார்ச்ல பி.பி.எல். தன்கிட்ட இருந்த ரெண்டு லிஸ்டட் குழுமக் கம்பெனிகளோட ஷேர்களை இன்னொரு கம்பெனிக்கு மாத்தினது. அந்த ஷேர்கள் லாக்-இன் காலத்துல இருந்தது, சந்தையில விக்க முடியாது. சந்தை விலைப்படி கிஃப்ட் வரி போடணும்னு துறை கேட்டது. நீதிமன்றம் ஒத்துக்கல. கம்பெனியோட மத்த ஷேர்கள் சந்தையில ஓடினாலும், லாக்-இன்ல உள்ள இந்த ஷேர்களுக்கு அந்த மாதிரி நடப்பு விலை கிடையாது, அதனால இவை அன்கோட்டட்னு சொல்லிடுச்சு.

அந்த வழக்குல அன்கோட்டட்னு ஆனது வரி கட்டறவருக்கு லாபம். நம்ம உதாரணத்துல அதே விஷயம் நஷ்டம். அதனால "கோட்டட்னா நல்லது, அன்கோட்டட்னா கெட்டது"ன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. திரையில விலை ஓடுதாங்கறது மட்டும் போதாது, உங்க கையில இருக்கற ஷேருக்கு அந்த விலை பொருந்துதான்னு பார்க்கணும்.

எண் வேணும்னா ஒரு இடத்துல இருக்கு. 112A சலுகைக்கான 2018-ம் வருஷ அறிவிக்கையில, 'அடிக்கடி ட்ரேட் ஆகற ஷேர்'னா முந்தின 12 மாசத்துல மொத்த ஷேர்கள்ல குறைஞ்சது 10% கைமாறியிருக்கணும்னு இருக்கு. அது கம்பெனி குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கொடுக்கற பிரிஃபரென்ஷியல் ஷேருக்கான விதி. 11U-க்கு நேரடியாப் பொருந்தாது. ஆனாலும் தோராயமா எடைபோட உதவும். 50 லட்சம் ஷேர் உள்ள கம்பெனியில வருஷத்துக்கு 200 ஷேர்தான் ஓடியிருந்தா, 'ஒழுங்கா ட்ரேட் ஆகுது'ன்னு வாதாடறது கஷ்டம்.

சுருக்கமா ஒரு தடவை

- 2018 ஜனவரி 31 விலை: கடைசி ட்ரேட் நாளோட அதிகபட்சம்
- ஈசாப்: கடைசி ட்ரேட் நாளோட முடிவு விலை (அன்னிக்கே ட்ரேட் இருந்தா தொடக்கம், முடிவு சராசரி)
- கிஃப்ட், கோட்டட்: கடைசி ட்ரேட் நாளோட குறைந்தபட்சம்
- கிஃப்ட் அல்லது விற்பனை, அன்கோட்டட்: பேலன்ஸ் ஷீட் கணக்கு

என்ன பண்ணணும்?

1. முடிஞ்சவரை சந்தையிலயே வாங்குங்க, வில்லுங்க. ட்ரேட் ஆகாத ஷேர்களுக்குச் சந்தையிலயே ஒரு மணி நேர ஏல அமர்வுகள் இருக்கு. விலை குறைவா கிடைச்சாலும், யார் வாங்கறாங்கன்னே தெரியாத இடத்துல வந்த விலைங்கறதால சண்டைக்கு இடம் ரொம்பக் குறையும். எஸ்.டி.டி. கட்டறதால 1.25 லட்சம் விலக்கும் கிடைக்கும்.

2. ஆஃப் மார்க்கெட்தான்னா முதல்ல 11UA கணக்கு. மதிப்பிடற தேதிக்கான ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட் வேணும். சின்ன முதலீட்டாளர் கேட்டா கம்பெனி கொடுக்கறது கஷ்டம். கிடைக்கலைன்னா அந்த டீலையே யோசிங்க. கம்பெனியோட பேர்ல நிலமோ வேற கம்பெனி ஷேரோ இருந்தா ரெட்டைக் கவனம்.

3. யார் சொந்தக்காரங்கன்னு சட்டத்தைக் கேளுங்க. அப்பா, அம்மா, தாத்தா, கணவன், மனைவி, உடன்பிறந்தவங்க, மாமா, அத்தை, சித்தப்பா கொடுத்தா கிஃப்ட்டுக்கு வரி இல்ல. ஆனா மாமா பையன், அத்தை பொண்ணு, சித்தப்பா பையன் அந்தப் பட்டியல்ல இல்ல! உங்க கல்யாணத்துக்கு யார் கொடுத்தாலும் வரி இல்ல.

4. ஆதாரத்தை இன்னிக்கே எடுத்து வைங்க. பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளத்துல பழைய விலை விவரம் தேதிவாரியா இருக்கு. கடைசி ட்ரேட் நாள், அதிகபட்சம், குறைந்தபட்சம், எத்தனை ஷேர் கைமாறினதுன்னு பதிவிறக்கி ஐ.எஸ்.ஐ.என். எண்ணோட சேர்த்து வைங்க. 2018-க்கு முன்னாடி வாங்கின ஷேருக்கு ஐ.டி.ஆர். படிவத்துல 112A அட்டவணையில ஒவ்வொரு ஷேரா எஃப்.எம்.வி. கேட்பாங்க. புரோக்கர் அறிக்கையில அந்த இடம் காலியாவோ பூஜ்யமாவோ இருந்தா, அப்படியே விட்டுடாம நீங்களே நிரப்புங்க.

5. "இந்த ஷேர் வாங்கு, வரி மிச்சம்"னு யாராவது சொன்னா ஓடிடுங்க. ட்ரேட் ஆகாத ஷேரை நாலு பேர் சேர்ந்து ஏத்தி, லாங் டெர்ம் லாபம் காட்டற வேலை பழசு. துறைக்கும் அது நல்லாவே தெரியும். மாட்டினா அது லாபமே இல்ல, விளக்கம் இல்லாத பணம்னு பிரிவு 68-ல சேர்ப்பாங்க. 12.5% கனவு அங்கயே முடிஞ்சுடும்.

ஒரு ஷேரை எடுத்தா மூணு கேள்வி கேளுங்க: லிஸ்டட்டா? கடைசியா எப்போ ட்ரேட் ஆச்சு? ஒழுங்கா கோட் ஆகுதா? இந்த மூணுக்கும் பதில் தேதியோட எழுதி வெச்சுக்கிட்டா, பாதி வேலை முடிஞ்சது.

இது பொதுவான விளக்கம்தான். உங்க தொகை பெருசா இருந்தா, டிரான்ஸ்ஃபர் பண்றதுக்கு *முன்னாடி* ஆடிட்டரைப் பாருங்க. டிரான்ஸ்ஃபர் முடிஞ்சப்புறம் போனா அவரால கணக்குதான் போட முடியும், வரியைக் குறைக்க முடியாது. கிராண்ட்ஃபாதரிங் கணக்கைப் படிப்படியா போட்டுக் காட்டற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, ஐ.டி.ஆர். ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.